பொந்து எங்கே என்று சொல்லவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் அலுவலகச் சுவர்ப் பொந்தில் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. படமெடுத்துப் பறவைப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குழுவை நடத்தும் டாக்டர் உடனே போன் செய்தார்.

“எந்த இடம்மா? நாலு பேர் வந்து படம் எடுத்துட்டுப் போயிடுறோம்.”

“கூட்டமா வந்தா தாய் மிரண்டுடும் சார். குஞ்சுங்க பறக்கட்டும், சொல்றேன்.”

“நேத்து கேமரா வாங்கின பொண்ணு எனக்கே பாடம் எடுக்குதா?”

அப்படி மறுத்துப் பேசியது வகுப்பில் வாயே திறக்காத உங்கள் மகள்தான் அப்பா! கடைசி வரை இடத்தைச் சொல்லவில்லை. ஒரு மாதம் குழுவில் யாரும் என்னோடு பேசவில்லை. நேற்று குஞ்சுகள் பறந்துவிட்டன. சொன்னபடி இடத்தை எழுதினேன். டாக்டர் ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

அம்மாவும் நீங்களும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று அனுப்புங்கள், மங்கலாக இருந்தாலும் சரி. பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்