வளர மறுத்த ஈஸ்ட்

மார்ச் 3

லேபில் இன்குபேட்டரைத் திறந்தேன். அதே கதை. தட்டு முழுக்க ஊசிமுனை அளவுப் புள்ளிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று கொழுத்தவை. என் ஈஸ்ட்டுக்கு வளரவே மனசில்லை. எனக்கும்தான்.

என் ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் எட்டிப் பார்த்தார். "இன்னுமா? உன் கை ராசி அப்படிம்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 4

அக்கா வீட்டில் சாப்பிடும்போது அத்தான் கேட்டார்: "அப்படி என்னதான்மா பண்றே அங்க?"

சொன்னேன். டிஎன்ஏ அறுந்தால், அதை ஒட்ட ஒரு புரதம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் அது லேசில் விடாது. அதை இழுத்து அப்புறப்படுத்த இன்னொரு புரதம் வேண்டும். இழுக்கிற அந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் செல் என்ன ஆகும்?

"ஒண்ணும் ஆகாது, ஜம்முனு வளரும்னு எங்க லேப் சீனியர் கட்டுரை எழுதிப் பேர் வாங்கிட்டுப் போயிட்டார் அத்தான். என்கிட்ட மட்டும் நோஞ்சானா கிடக்குது."

"ஒரு டானிக் வாங்கித் தரட்டுமா?"

அக்கா அவரை முறைத்தாள். நான் சிரித்தேன். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11

மேடம் கூப்பிட்டார். "உன் சீனியர் செஞ்சதையே உன்னால திருப்பிச் செய்ய முடியலைன்னா, அதுக்கு மேல எதைம்மா கட்டறது? இந்த மாசம் பாப்போம். அப்புறம் நீயே ஒரு முடிவு எடுத்துக்கோ."

முடிவாம். ஐந்து வருஷம் இங்கே குப்பை கொட்டியாயிற்று. வெளியே போய் நான் என்ன செய்வேன்?

மார்ச் 12

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 17

பல்குச்சியால் எப்போதும் சின்னப் புள்ளியைத்தான் தொடுவேன். தட்டில் முக்கால்வாசி எப்படி இருக்கிறதோ அதைத்தானே எடுக்க வேண்டும்? இன்று வந்த கோபத்தில், இருந்ததிலேயே பெரிதாக ஒன்றைத் தொட்டுப் புதுத் தட்டில் இழுத்துவிட்டேன். போ, என்னவோ ஆகட்டும்.

மார்ச் 20

வளர்ந்துவிட்டது! வெண்ணெய் தடவிய மாதிரி, தட்டு கொள்ளாமல்.

மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். தட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். உடனே சீனியருக்குப் போன். ஸ்பீக்கரில் சீனியரின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "நல்லா வளர்ந்ததாப் பாத்து எடுக்கணும்மா. நோஞ்சானை எடுத்தா நோஞ்சான்தானே வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எப்போதுமே பெரிசைத்தான் எடுத்தாரா?

மார்ச் 24

டிஎன்ஏவை அறுக்கும் மருந்து கலந்த தட்டில் சின்னது, பெரிசு இரண்டையும் மூன்று நாள் முன்பே வைத்திருந்தேன். நோஞ்சான்கள் தட்டுத் தடுமாறிக் கொஞ்சம் பிழைத்தன. கொழுத்தது இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை.

உள்ளே தேடினேன். ஒட்டுகிற புரதமே அதில் இல்லை. இழுத்துவிட ஆளில்லை என்றதும், அது ஒட்டுகிறவனையே தொலைத்துத் தலைமுழுகிவிட்டிருக்கிறது. வழியை அடைத்துக்கொண்டு நிற்க யாருமில்லை, அதனால்தான் அந்த வளர்ச்சி. ஆனால் டிஎன்ஏ அறுந்தால் ஒட்ட ஆளில்லை, ஓர் அடி தாங்காது.

அப்படியானால் சீனியரின் ஈஸ்ட்டும் இதேதானா? ஐயோ. என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாளும்.

சந்தோஷப்பட வேண்டும்தானே?

மார்ச் 25

மேடம் கடைசிவரை கேட்டார். கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம்."

"அந்தக் கட்டுரையை நம்பித்தான் இந்த லேபே ஓடுது. உனக்கு ரிசல்ட் வந்தாச்சு. வளர்ந்ததை மட்டும் எழுது, பட்டத்தை வாங்கு, நல்லாயிரு. மத்ததைப் பின்னாடி பாத்துக்கலாம்."

பின்னாடி என்றால் எப்போது?

மார்ச் 26

அக்கா: "எழுதிக் கொடுத்துட்டு வாயேன்டி. சின்னதோ பெரிசோ, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேக்கா."

அவள் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 31

எழுதவில்லை. லேப் சாவியைக் கொடுத்துவிட்டேன். நான் பெட்டியைக் கட்டுவதற்குள் என் நோஞ்சான்களை எல்லாம் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வேகப் போட்டுவிட்டார்கள். இடம் வேண்டுமாம். ஒரு சோதனைக் குழாய்கூட மிச்சமில்லை.

ஜூன் 9

ரொட்டி ஆலையில் வேலை. ஈஸ்ட்டைச் சோதித்து அனுப்ப வேண்டும். தெரிந்த தொழில்தான்.

லேபில் கூட இருந்தவள் காலையில் செய்தி அனுப்பியிருந்தாள்: மேடத்தின் புதுக் கட்டுரை வந்துவிட்டதாம். அதில் என் தட்டின் படம், மார்ச் 20 எடுத்தது. கீழே என் பெயரும். "வாழ்த்துகள்டி!" என்று ஒரு பூங்கொத்து வேறு.

தட்டைத் திறந்தேன். பல்குச்சி தானாகச் சின்னப் புள்ளிக்குப் போயிற்று. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"அது எதுக்கும்மா? பெரிசா எடுங்க. மாவு பொங்கணும், நமக்கு அவ்வளவுதானே?"

பெரிசை எடுத்தேன்.