கேட்கும் வரை கையில் கொடுக்காதே

சேசு மரி சூசை

அரூர், 12.8.87

அன்பு மகள் லூர்துமேரிக்கு அப்பா எழுதுவது. நானும் தம்பி சின்னப்பனும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு நர்ஸ் படிப்பில் கவனமாக இரு.

உன் கடிதம் வந்தது. படித்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் தோன்றியது. உன் ரோசம்மாள் அத்தை யாரையோ பிடித்து உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள், உங்கப்பன் தாயில்லாப் புள்ளைய ஒரு முறுக்குக்குப் பிச்சை எடுக்க வெக்கிறான்னு. நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவனை அத்தையோடு கோவிலூருக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதிவிட்டாய். அனுப்ப மாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு விவரம் தெரியாது. அவனுக்கு ரெண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசுவான், விடுங்கன்னு ஊரே சொன்னது, நானும் விட்டேன். சேலத்தில் ஒரு டாக்டர் உன் அம்மாவைப் பார்த்து, நீ புள்ளைய ஆசையா கொஞ்சலம்மா, அதான் இப்படின்னு சொன்னார். பாவி. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்தபோதே, பெங்களூரில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மாதான் இது ஆட்டிசம், தாய் கொஞ்சாததால் வருவதில்லை, அந்தப் பேச்சு பொய் என்று எப்போதோ ஆராய்ந்து காட்டிவிட்டார்கள் என்றார். சின்ன வயதிலேயே ஆரம்பித்தால் நிறையக் கற்றுக்கொள்வான் என்று வழியும் காட்டினார். வழி இதுதான்: அவனுக்குப் பிடித்ததைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிடி, அவன் உன் முகத்தைப் பார்த்து விரல் நீட்டியோ சத்தம் போட்டோ கேட்கிற வரைக்கும் பொறு, கேட்ட நொடியே கொடு. தினமும் வீட்டிலேயே செய். நான் சொல்றேன்னு நம்பாதீங்க, நீங்களே பாருங்க, மாறலைன்னா என் வழிதான் தப்பு, புள்ள மேல தப்பில்லைங்க என்றார். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் நம்பாதவன் நான். பார்த்தேன். உன் அம்மா கையில் பிடித்திருந்ததைப் பார்த்து அவன் விரல் நீட்டினான், தண்ணிக்குத் தா என்றான்.

அடக்கத்துக்கு வந்த கூட்டம் அதையெல்லாம் அழித்துவிட்டது. தாயில்லாப் புள்ள தாயில்லாப் புள்ளன்னு வந்தவன் போனவன் எல்லாம் பன்னும் பழமுமாக அவன் கையில் திணித்தான். கேட்காமலே கிடைத்தால் எதற்குக் கேட்பான். முப்பதாம் நாள் பூசைக்குள் விரல் நீட்டுவதும் போச்சு, தா என்பதும் போச்சு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்தினான். நான் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். முறுக்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க அவன் அழ, உன் அத்தை பிடுங்கி அவன் வாயில் வைத்துவிட்டு, கரண்ட்டு கம்பத்தப் புடிச்சிப் புடிச்சி உன் நெஞ்சும் கம்பமாப் போச்சாடா சவுரியப்பான்னு தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். கம்பம்தான். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதற்காக அவனை விட்டுவிட முடியுமா.

நேற்று சப்-ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன், தம்பி வந்து என் கையை இழுத்தான். யாரும் எதையும் காட்டவில்லை, அவனாகவே கொடியைப் பார்த்து விரல் நீட்டினான். உன் அம்மாவின் நீலப் புடவை, யாருக்கும் எடுக்க மனசில்லாமல் கிடந்தது. என் முகத்தைப் பார்த்து ம்மா என்றான். கேட்டால் உடனே கொடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன், சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உன் அத்தை வாசலில் நின்று பார்த்தாள். ராத்திரி மூட்டையைக் கட்டிக்கொண்டு, என்னமோ பண்ணு, இனி நான் குறுக்க வரலடான்னு தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

நீங்கள் எல்லாரும் பாவம் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால், கேட்கத் தெரியாதவன் அம்மாவை எப்படிக் கேட்டிருப்பான், நீயே சொல்.

படிப்பை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது அவன் கையில் எதையும் திணிக்காதே, எதிரில் உட்கார்ந்து பொறு. அழுவான், நீயும் அழுவாய், பரவாயில்லை, பொறு.

இப்படிக்கு உன் அப்பா,
சவுரியப்பன்