வழக்கம்போல் என்றால் எப்படி?

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன். கொன்றது கம்ப்யூட்டர்தான். பொத்தானை அழுத்தியது மட்டும் நான்.

பல் கிளினிக் வரவேற்பில் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியே என் வடிவத்துக்கு வந்துவிட்டது. இதுவரை பல் பிடுங்க வந்து யாரும் செத்ததில்லை. இன்று ஒரு தையல்காரர் கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்துவிட்டு, வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். புதிதாகப் போட்ட டோக்கன் மென்பொருளில் அவர் கணக்கை முடித்தேன். உடனே அவர் மனைவியின் போனுக்கு ஒரு செய்தி போயிருக்கிறது: ‘உங்கள் நோயாளி முடிந்தார். வந்து பெற்றுக்கொள்ளவும்.’

அந்தம்மா வந்து பெற்றுக்கொண்ட அழகு இருக்கிறதே. ஒரு காலில் மட்டும் செருப்பு. அழுதுகொண்டே உள்ளே வந்தவர், புருஷன் எழுந்து நிற்பதைப் பார்த்து இன்னும் அலறினார். அவர் பஞ்சோடு ஏதோ சமாதானம் சொல்ல, அது பேய் முனகுகிற மாதிரியே கேட்டது. பிறகு கைப்பையாலேயே அவருக்கு ஒரு சாத்து. உயிரோடு இருக்கிறார் என்று அப்போதுதான் இருவருக்கும் நம்பிக்கை வந்தது.

“இலவசம்னு சொல்லி இத போட வெச்சது நீங்கதானேக்கா?” என்றார் டாக்டர். என் தங்கை வயசு. கேள்வி மட்டும் மாமியார் வயசு.

மார்ச் 5, புதன்

டாக்டரின் தீர்ப்பு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால், காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்குவார். அது போனை எடுக்குமாம், டோக்கன் கொடுக்குமாம், வணக்கம்கூடச் சொல்லுமாம். அப்புறம் நான் எதற்கு? டாக்டர் அதைச் சொல்லவில்லை. என் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

வேறு வார்த்தை சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஒரு வார்த்தை கொடுக்க மாட்டாரா?

“கிளம்பிட்டார்னு போடேன்.”

“அது இன்னும் மோசம்.”

“விடைபெற்றார்?”

“சுவத்துல போஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கு.”

“போய்ச் சேர்ந்தார்?”

“நீங்க பேசாம டிவி பாருங்க.”

நம் மொழியில் ஒரு ஆள் நல்லபடியாக வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்ப வழியே கிடையாதா? எந்தச் சந்தில் நுழைந்தாலும் சுடுகாட்டில் கொண்டுபோய் விடுகிறது. கடைசியில் ஆளை விட்டுவிட்டுச் சிகிச்சையைப் பிடித்தேன். ‘சிகிச்சை முடிந்தது. அழைத்துச் செல்லலாம்.’ இதில் யாரும் சாகவில்லை.

இனி இதை உள்ளே ஏற்ற வேண்டும். இது திறமூல மென்பொருளாம். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அதாவது முன்பின் தெரியாதவர் சமையலறைக்குள் போய், மூடியைத் திறந்து பார்த்து, உப்புப் பத்தவில்லை என்று சொல்லலாம். பிறவியிலிருந்தே எனக்கு இருக்கும் ஆசை இது. இதற்கு இத்தனை பேர் அனுமதியோடு ஒரு இடம் இருப்பது தெரியாமல் போயிற்றே.

மார்ச் 8, சனி

மென்பொருளின் இணையதளத்தில் ‘பங்களிக்க விரும்புவோருக்கு’ என்று ஒரு பக்கம் கண்டுபிடித்தேன். மொத்தமே மூன்று வரி.

‘அனைவரும் வருக. தவறு கண்டால் திருத்தவும். திருத்தத்தை வழக்கம்போல் அனுப்பவும்.’

வழக்கம்போல். எந்த வழக்கம்? யாருடைய வழக்கம்?

மார்ச் 10, திங்கள்

அந்த மென்பொருள்காரர்களுடைய அரட்டை அறையில் கேட்டேன். ஆந்தைப் படம் போட்டிருக்கும் ஒருவர்தான் பொறுப்பு. பதில் உடனே வந்தது: “அந்தப் பக்கத்துலயே எல்லாம் இருக்குங்க. படிச்சீங்களா?”

உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் கேலி வேறு. “காபில சர்க்கரை எவ்வளவு?” என்றால், “வழக்கம்போல்” என்கிறார் மனுஷன்.

மார்ச் 12, புதன்

பொறுக்கவில்லை. எழுதிவிட்டேன்: “படிச்சேங்க. வாங்கன்னு போட்டிருக்கு. வாசல் எந்தப் பக்கம்னு போடலை.”

ராத்திரிவரை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வம்பை விலைக்கு வாங்கிவிட்டேனோ? நாற்காலி போனால் போகட்டும், நாக்கு சும்மா இருக்காது எனக்கு.

மார்ச் 13, வியாழன்

ஆந்தை பேசியது.

“அத எழுதினப்ப நாங்க மூணு பேருங்க. ஒரே ரூம். வழக்கம் என்னன்னு எங்களுக்குத் தெரியும். மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க.”

‘முடிஞ்சிட்டாங்களா’ என்று கேட்கப் போன விரலை இழுத்துப் பிடித்தேன். நல்லவேளை. வேறு வேலைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

“புதுசா ஏன் யாருமே வரலன்னு யோசிச்சிட்டே இருந்தேன்,” என்றார். பிறகு, “நீங்க எங்கெங்க முட்டிக்கிறீங்கன்னு எழுதித் தருவீங்களா? எனக்கு அது தெரியாது. எனக்கு முட்டாது.”

என்னிடம் இருக்கும் அறியாமையை ஒருவர் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. ஸ்டாக் நிறைய இருக்கிறது என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

முட்டிக்கொண்டே இருக்கிறேன். ‘கிளை’ எடுக்க வேண்டுமாம். மரமா இது? கேட்டால், திருத்தம் செய்ய நமக்கென்று ஒரு தனிப் பிரதி, அவ்வளவுதானாம். அப்படியென்றால் அதையே எழுதினால் என்ன? எழுதிவிட்டேன். பெயர் பதிய வேண்டுமாம். சொந்தப் பெயரா, பட்டப் பெயரா? எதுவானாலும் சரியாம். அதையும் எழுதினேன்.

ஒரு கேள்வியை மட்டும் வெட்கத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்று கேட்டேன்: “நான் தப்பா எதையாவது அழுத்திட்டா, எல்லா கிளினிக்கும் படுத்துடுமா?”

“ஒண்ணும் ஆகாதுங்க. நான் பார்த்துட்டுத்தான் சேர்ப்பேன். நீங்க நெனச்சாலும் கெடுக்க முடியாது.”

இதைப் போய் யாருமே எழுதி வைக்கவில்லையே. பயந்து வாசலோடு திரும்பியவர்கள் எத்தனை பேரோ. நான் முட்டிய பட்டியலையே பங்களிப்போருக்கான புதுப் பக்கமாக்கி, முதல் வரியாக இதை வைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

அனுப்பிவிட்டேன். இரண்டு திருத்தம்: என் வாக்கியம், அந்தப் பக்கம். அனுப்பும் முன் அந்த முதல் வரியை மூன்று தடவை படித்துக்கொண்டேன், கெடுக்க முடியாது என்று எழுதினவளே நான்தான்.

மார்ச் 22, சனி

திருப்பி அனுப்பிவிட்டார். முற்றுப்புள்ளி ஒன்றை விட்டுவிட்டேனாம். இந்த ஆந்தைக்குப் பகலிலும் கண் தெரிகிறது.

மார்ச் 26, புதன்

புள்ளி வைத்து அனுப்பிய திருத்தம் சேர்ந்துவிட்டது. தையல்காரர் அடுத்த பல்லுக்கு வந்திருந்தார். பொத்தானை அழுத்தும்போது டாக்டரும் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவே போன் செய்தார்: “செய்தி வந்துச்சு. மார்க்கெட்ல இருக்கேன். கொஞ்ச நேரம் அங்கயே வெச்சிருங்க.”

மார்ச் 28, வெள்ளி

காசு மென்பொருள்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே வரச் சொல்லியாயிற்று, பார்க்காமல் அனுப்ப முடியாது என்றார் டாக்டர். வந்தவர் மென்பொருளை ஓட்டிக் காட்டினார். அது நிஜமாகவே என்னைவிட இனிமையாக வணக்கம் சொன்னது. பிறகு டாக்டரின் போனுக்கு மாதிரிச் செய்தி வந்தது: ‘உங்கள் நோயாளி வெளியேற்றப்பட்டார்.’

“என்ன தப்பு பண்ணாராம்?” என்றார் டாக்டர்.

“மேடம்?”

“இந்த வார்த்தைய மாத்த முடியுமா?”

“ஹெட் ஆபீசுக்கு எழுதிப் போடறோம் மேடம். அடுத்த வருஷம் பரிசீலிப்பாங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நாற்காலியை அல்ல, என்னை. “அக்கா, அடுத்த டோக்கன கூப்பிடுங்க.”

மே 9, வெள்ளி

அரட்டை அறையில் இப்போது புது முகங்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு நூலகர், பூனைப் படம் போட்ட யாரோ. புதியவர்கள் கேள்வியெல்லாம் என் தலையில்தான். ஆந்தை நிம்மதியாகத் தூங்குகிறது.

மதியம் மருந்துக்கடைக்காரர், “ஒரு எழுத்துப்பிழைய திருத்தி வெச்சிருக்கேங்க. இத எப்படி அனுப்பறது?” என்று கேட்டார். எதிரே டோக்கன் வரிசை நின்றது. போன் அடித்துக்கொண்டிருந்தது. விரல் தானாக அடித்தது: ‘வழக்கம்போல்தாங்க.’

அனுப்புவதற்கு முன்னால் கண்ணில் பட்டுவிட்டது.

அழித்தேன். போன் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, “எங்க முட்டுச்சுன்னு சொல்லுங்க” என்று ஆரம்பித்தேன்.