பின்சுவருக்கு இரண்டு இஞ்ச்

அன்புள்ள மச்சானுக்கு,

மூன்று நாளாக மழை, டவர் இல்லை. கஞ்சிக்கோட்டில் உங்கள் கம்பெனிக்கு லோடு கொண்டுபோகும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

குளிருக்கு வெளிச்சுவரில் ஒட்டும் தெர்மோகோல் ஷீட் எத்தனை இஞ்ச் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய பணத்தில் ஒரு இஞ்ச் என்றால் நாலு சுவருக்கும் வரும், இரண்டு இஞ்ச் என்றால் இரண்டு சுவருக்குத்தான். காற்று மலைப்பக்கமிருந்து அடிப்பதால் பின்சுவருக்கும் அதை ஒட்டிய சுவருக்கும் இரண்டு இஞ்சே போடலாம் என்றார் கொத்தனார் கருத்தப்பாண்டி. சரியென்றேன்.

திங்கட்கிழமை அவர் அளந்தபோது பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. பூசிவிட்டு ஒட்டலாம் என்றார். வெள்ளிக்கிழமை வந்தவர், அதே விரிசலுக்குள் முழுக் கையையும் விட்டு எடுத்தார்.

"ஷீட்டு கெடக்கட்டும் தங்கச்சி. பிள்ளையத் தூக்கிட்டு இப்பவே எறங்கு. மண்ணு நவுருது."

ஷீட்டுக்கு வைத்திருந்த பணத்தில் ஜீப் பிடித்து, பாப்பாவோடு கீழே பள்ளிவாசல் ஊரில் இருக்கும் ராமலட்சுமி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாமா வரவில்லை. "எம் மவன் கட்டுன வீடு. அவன் சொல்லாம எறங்க மாட்டேன்" என்கிறார். இன்று காலை சோறு கொண்டுபோனேன். நிலை கோணி, கதவு பாதிதான் திறந்தது. மழையில் மரம் ஊதியிருக்கிறது என்றார். இடுக்கு வழியாகத் தூக்குவாளியை நீட்டினேன்.

லீவு கேட்டு நிற்காதீர்கள். இது கையில் கிடைத்ததும் புறப்பட்டு வந்து, வாசலில் நின்று ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிடுங்கள். உங்கள் குரலுக்குத்தான் அவர் இறங்குவார்.

உங்கள் பாப்பாவின் அம்மா