கண்ணளவில் தைத்த சட்டைகள்

என் வீட்டு மகாராணிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பையன்கள் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டதால் தையல் கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவேன் என்று எனக்கு இங்கே பெயர். அந்தத் திமிரில், மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளம்பும்போது பார்த்த நினைவை வைத்தே நம் பையன்களுக்கு இரண்டு சட்டை தைத்துவிட்டேன்.

பட்டன் வைக்கிறவர் பெரியவன் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "அண்ணே, பையன் அஞ்சாவது படிக்கிறானா?" என்றார்.

"மீசையே அரும்பிருச்சுப்பா" என்றேன். கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அப்புறம் ஊசியில் நூல் கோக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதனால் இருவருக்கும் தோள், கை, மார்பு அளவெடுத்து உடனே எழுது. சின்னவன் நழுவுவான், விடாதே. தலையைத் தடவினாலே பெரியவன் கையைத் தட்டிவிடுகிறான் என்று போன கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தாய். மார்பளவு எடுக்க இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துத்தானே ஆக வேண்டும்? அப்போது என்ன செய்வான் பார்ப்போம்.

முதலாளி கூப்பிடுகிறார். அளவை இரண்டு தடவை எடு. இரண்டாவது தடவை எனக்காக.

உன் தையல்காரன்