தாளில் வந்த காதலன்

வடக்குச் சுரங்க முகாம்
12 சனவரி 2025

அன்புள்ள கஜந்தினிக்கு,

நான் சுகம். குளிர் மைனஸ் நாற்பது. எனக்குச் சமையலறை வேலை, அதனால் தப்பினேன். வீட்டு ஹீட்டரைத் திருத்த ஆள் வந்தாரா?

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நீர் அடுக்கித் தந்த பைக்குள் ஒரு தாள் கிடந்தது. மேலே மலாய் வரிகள். கீழே உமது கையெழுத்தில்: "அன்பனே, உன் வாசலில் என் பெயரைக் கழற்றி வைத்தேன். இனி நான் இல்லை." பக்கத்தில் ஓர் ஆணின் கையெழுத்து: "இன்னும் துணிவாக."

யார் அந்த ஆள்?

நகுலேஸ்வரன்

லாசால், மொன்றியல்
27 சனவரி

அன்புள்ள நகுலன்,

ஹீட்டர் சரி. அந்தத் தாளைத்தான் வீடெல்லாம் தேடினேன்.

அது பல்கலைக்கழகத்தில் நான் செய்யும் மொழிபெயர்ப்பு. பழைய மலாய் சூஃபி ஞானிகள் இறைவனைக் காதலனாக்கிப் பாடியவர்கள். அவனுக்குள் கரைந்து இல்லாமல் போவதுதான் அவர்களுடைய ஆசை. கோயிலில் நாங்கள் சிவனை நினைத்து உருகிப் பாடுவதில்லையா?

குறிப்பு எழுதியவர் என் ஆசிரியர் அருளம்பலம் சேர். மலேசியாவில் பிறந்தவர், எழுபது வயது. போன வருடமே சொல்ல வந்தேன். "பேந்து கதைப்பம்" என்று தள்ளிப் போட்டீர்கள்.

உங்கள்
கஜந்தினி

முகாம்
9 பெப்ரவரி

அன்புள்ள கஜந்தினிக்கு,

இங்கே வேலை செய்யும் மலேசியர் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார். கடவுளுக்கு எழுதியது என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் உமது கடிதம் வரமுன்னமே ஒரு பிழை விட்டுவிட்டேன். குறிப்பு திருத்தம்போல இருந்ததால், யாரோ ஓர் ஆசிரியர் என் மனைவிக்குக் காதல் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார் என்று ஊகித்து உமது துறைத் தலைவருக்கு எழுதிவிட்டேன். மார்ச்சில் வாறன், நேரில் கதைப்பம்.

ஒன்று மட்டும். இனி எந்தப் பாட்டையும் முதலில் எனக்கு அனுப்பும். பிறகு அவருக்குக் காட்டலாம்.

நகுலேஸ்வரன்

மொன்றியல்
22 பெப்ரவரி

நகுலன்,

துறையில் உங்கள் முறைப்பாட்டை என் முன்னால் வைத்து வாசித்தார்கள். சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உனக்கு வீட்டுல பிரச்சினை வேணாம்மா, நான் விலகிடுறேன்" என்றார். நான் விடவில்லை. அவரோடுதான் இந்த மொழிபெயர்ப்பை முடிப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

பதினாறு வருடங்களாக என் போனையும் பையையும் நீங்கள் பார்க்கும்போது பேசாமல் இருந்தேன். இதற்கு இருக்க முடியாது.

என்னோடு படிக்கும் றொஷினியின் வீட்டில், செயின்ட்-மிஷேலில், அறை எடுத்துவிட்டேன். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கீழ்வீட்டாரிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வரும்போது நான் அங்கே இருக்கமாட்டேன்.

பாட்டுகளை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. புத்தகமாக வந்தால் யாரும் வாசிக்கலாம், நீங்களும்.

கஜந்தினி