புதுக் கணினியின் மேல் பச்சைப் பொட்டலம்

மார்ச் 2, வியாழன்

பழைய கணினி இன்றும் பாதியில் அணைந்தது. ஊதாக் காலுறையின் குதிகாலை வரைந்துகொண்டிருந்தேன். போச்சு. பதினோரு வருடமாக நான் வரைந்த வடிவங்கள் எல்லாம் அதற்குள்தான். அது செத்தால், தெருவுக்குத் தெரு காலுறை ஆலை இருக்கும் இந்தச் சேத்தோ ஊரில் எந்த ஆலை என்னைத் திரும்பிப் பார்க்கும்?

புதியது வாங்கி ஒரு வாரமாகிறது. ஆனால் பழையதிலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே எடுக்கக் கடவுச்சொல் கேட்கிறது. அது வென்-செங்குக்குத்தான் தெரியும். என் கணவர் பெருமான். அந்த அழகுநிலையக்காரியிடம் போனபோது சட்டைகளை மறக்காமல் எடுத்துப் போனான், இதைச் சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டான். ஆறு மாதம் கழித்து நானே ஃபோன் செய்ய வேண்டியதாயிற்று.

"சொன்னா உனக்குப் புரியாது. ஞாயித்துக்கெழம நானே வர்றேன்."

எனக்குப் புரியாதாம்.

மார்ச் 5, ஞாயிறு

வந்தான். வாசலில் தன் பழைய வீட்டுச் செருப்பைத் தேடினான். தூக்கிப் போட்டாயிற்று என்றேன். வெறுங்காலோடு உள்ளே வந்தான். அந்தக் கால் நகங்களை மறந்திருந்தேன்.

பையிலிருந்து பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். தேங்காய்ப்பால் ருசி போட்ட சோளப்பொரி. புதுக் கணினியின் மேல் பக்தியோடு நிறுத்தி வைத்தான். "பச்சதான் வெக்கணும். மஞ்சள வெச்சா மெஷின் மக்கர் பண்ணும். தேதி பாத்துத்தான் வாங்கினேன். பசிக்குதுன்னு பிரிச்சுத் தின்னுடாத, அப்புறம் நின்னுடும்."

ஊரில் வங்கி, மருத்துவமனை எல்லா இடத்திலும், மெஷின் சொன்ன பேச்சுக் கேட்டு ஓடட்டும் என்று, இந்தப் பொட்டலம் உட்கார்ந்திருக்கிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டினவளுக்குக் கொடுத்த வார்த்தையைக் காற்றில் விட்டவன் பொரியின் தேதியைப் பார்த்து வாங்குகிறானே!

கம்பியை இணைத்தான். மீதி மூன்று மணி நேரம் என்று திரை சொன்னது. பிறகு நாற்பது நிமிடம். பிறகு ஐந்து மணி நேரம். முடிகிறவரை இருப்பானாம். பாக்கு மென்றான். காகிதக் கோப்பையில் சிவப்புச் சிவப்பாகத் துப்பினான் — என் நூல் மாதிரிகளுக்குப் பக்கத்தில். சாப்பாட்டு நேரத்தில் யாரும் கூப்பிடாமலே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தான்.

சாயங்காலம், "ச்சே, நின்னுடுச்சு. அடுத்த வாரம் பாக்கலாம். அதுவரைக்கும் பழசையும் புதுசையும் தொடாத. தொட்டா வந்ததும் போயிடும்."

மார்ச் 6, திங்கள்

கோப்பையை அப்படியே விட்டுப் போயிருக்கிறான். கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு கொட்டினேன். ச்சீ.

மார்ச் 12, ஞாயிறு

மறுபடியும் அதே கூத்து. என் நாற்காலியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சூப்புல இஞ்சி போடலயா?" என்கிறான். மறுபடியும் "ச்சே, நின்னுடுச்சு."

ஆலைக்காரர் வசந்தகால வடிவங்களைக் கேட்டு மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். பொறுங்கள், பொறுங்கள் என்று கெஞ்சுகிறேன். இந்த வாரமும் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

அவன் போன பிறகு பார்த்தால், குளியலறைக் கோப்பையில் ஒரு பல் பிரஷ். என்னுடையது இல்லை. அதன் தலை என்னுடையதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. இரண்டையும் எறிந்தேன்.

மார்ச் 15, புதன்

என் நாத்தனார் ஷியூ-லான் ஃபோன் செய்தாள். தம்பிக்காக ஒரே உருக்கம்.

"யிங், அவனச் சேத்துக்கோயேன்மா. அவ தொரத்தி ஒரு மாசமாச்சு. எங்க கடை குடோன்ல அட்டப்பெட்டிய விரிச்சுப் படுத்துக் கெடக்கான். உன் கம்ப்யூட்டர மொத நாளே முடிச்சுக் குடுத்தானாமே, அதுக்காவது ஒரு நன்றி வேணாமா?"

"என்னக்கா சொன்னீங்க? மொத நாளா?"

அதற்கப்புறம் அவள் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

புதுக் கணினியைத் திறந்தேன். எல்லாம் இருக்கிறது. பதினோரு வருடமும். ஐந்தாம் தேதி மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்தில் "புது ஃபோல்டர்", "புது ஃபோல்டர் (2)" — திறந்தால் அதே காலுறைகள். வந்ததையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, திரையில் பச்சைக் கோடு நகர்வதைக் காட்டி, என் சோற்றைத் தின்றிருக்கிறான்.

அவன் பொய் எனக்குப் புதுசா என்ன? தொடாதே என்றான், நானும் தொடலையே! என் வீடு, என் மேசை, நான் காசு கொடுத்து வாங்கின சாமான் — பத்து நாளா சுத்திச் சுத்திப் போனேனே. அதைத்தான் பொறுக்க முடியல.

மார்ச் 16, வியாழன்

ஆலைக்கு வடிவங்கள் அனுப்பியாயிற்று. "நல்லவேள, இன்னிக்கே வந்துது" என்றார்.

மார்ச் 19, ஞாயிறு

இன்று சற்றுப் பெரிய பையோடு வந்தான். "மழ வரும்போல இருக்கு" என்று பையைப் படுக்கையறை வாசலில் வைத்தான். வானம் பளிச்சென்று இருந்தது.

கம்பியை மாட்டினான், பாக்கைப் போட்டான், சாப்பிட்டான். "ச்சே" என்று ஆரம்பித்தபோது, "எல்லாம் அஞ்சாம் தேதியே வந்தாச்சு. பாத்துட்டேன்" என்றேன்.

அவன் கேட்ட முதல் கேள்வி: "தொட்டியா?"

சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு முகம் சுருங்கியது. "வேற எப்படி வர்றது? சும்மா வந்து நின்னா கதவத் தொறந்திருப்பியா?"

திறந்திருக்க மாட்டேன். அது உண்மை. ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது, பொய் எழுதுவானேன். அப்போது சிவப்புக் கோப்பையை எட்டி எடுத்து, என் எதிரிலேயே துப்பினான்.

பழைய கணினியின் கம்பிகளைப் பிடுங்கி, அதைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன். "இது உன்னோடது. கடவுச்சொல் உனக்குத்தான தெரியும்." பையை அதன் மேல் வைத்தேன். எச்சில் கோப்பையையும்.

படியிறங்கும்போது திரும்பி, "அந்தப் பொட்டலத்தத் தின்னுடாத" என்றான்.

மார்ச் 26, ஞாயிறு

யாரும் வரவில்லை. இன்றுதான் மழை. ஊதாக் காலுறையின் குதிகாலை மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது.

நாலு மணிக்குப் பசித்தது. பச்சைப் பொட்டலத்தைப் பிரித்தேன். தேதி பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான், மொறுமொறுவென்று இருந்தது. கடைசித் தூளையும் உள்ளங்கையில் கொட்டித் தின்றுவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.